பெல்லேர்ஸ் கணினி வடிவியல் பயிலரங்கு: நன்றியுரைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினி வடிவியல் தனித்துறையாக வளர்ந்த காலத்தில் அதன் குறிப்பிடத்தக்க வினாக்கள் சில, பெருமாநாடுகளின் மேடைகளில் அன்றி, சிறு குழுவினர் ஒரு வாரம் உடனுறைந்த பயிலரங்குகளில் உருப்பெற்றன. கரீபியக் கடலின் பார்படோஸ் தீவில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெல்லேர்ஸ் ஆய்வு நிலையத்தில் ஆண்டுதோறும் கூடிய பயிலரங்கு அவற்றுள் ஒன்று. ஆய்வுரைத் தொகுதி வெளியிடும் வழக்கம் அதற்கு இல்லை. எனவே அதன் வரலாற்றை, அங்குத் தொடங்கிய கட்டுரைகளின் நன்றியுரைகளிலிருந்தும் அடிக்குறிப்புகளிலிருந்தும் மீட்டெடுக்க வேண்டியுள்ளது. மடக்கு அளவுகோல் வினா, பலகோணப் புரட்டல் தேற்றம், தாள வடிவியல் ஆகிய மூன்றையும் சான்றுகளாகக் கொண்டு, கூட்டாய்வில் வினாவுக்கும் விடைக்கும் உரிமை எவ்வாறு பதிவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கணினி வடிவியல், பெல்லேர்ஸ், பயிலரங்கு, பலகோணம், கூட்டாய்வு, நன்றியுரை, அறிவியல் வரலாறு.

முன்னுரை

ஓர் அறிவுத்துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் நூல்களையும் ஆய்விதழ்களையும் விருதுப் பட்டியல்களையும் முதற்சான்றுகளாகக் கொள்வது இயல்பு. கணினி வடிவியலுக்கும் அத்தகைய சான்றுகள் நிரம்ப உள்ளன. மைக்கேல் ஷேமோசும் டான் ஹோயியும் 1975இல் வெளியிட்ட அண்மைப்புள்ளிக் கணக்குகள் பற்றிய கட்டுரை, யேல் பல்கலைக்கழகத்தில் ஷேமோஸ் 1978இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, 1985இல் பால்டிமோர் நகரில் கூடிய முதல் கணினி வடிவியல் கருத்தரங்கு, அதே ஆண்டில் பிரான்கோ பிரிபராட்டாவும் ஷேமோசும் இணைந்து எழுதிய பாடநூல் என்று இத்துறையின் தொடக்கக் காலத்தை வரிசைப்படுத்திவிடலாம். புள்ளிகள், கோடுகள், பலகோணங்கள் பற்றிய வினாக்களுக்கு விடை உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அவ்விடையை எத்தனை படிகளில் கணித்தறியலாம் என்று கேட்பது இத்துறையின் தனிப்பண்பு.

இச்சான்றுகள் அனைத்தும் முடிந்த முடிபுகளைப் பற்றியவை. ஒரு வினா யாரால், எவ்விடத்தில், எத்தகைய உரையாடலின் நடுவே எழுந்தது என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. அச்சேறிய தேற்றத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், 'இவ்வாய்வு இன்ன பயிலரங்கில் தொடங்கப்பெற்றது. ஏனைய பங்கேற்பாளர்களுக்கு நன்றி' என்ற பொருளில் ஒரு தொடர் இடம்பெற்றிருக்கும். படிப்போர் பலரும் கடந்து செல்லும் தொடர் அது. கல்வெட்டாய்வாளர் கொடைச் செய்தியினும் கையெழுத்திட்டோர் பட்டியலில் கருத்தூன்றி ஊரவையின் அமைப்பை அறிவது போல, இத்தொடர்களைத் தொகுத்து நோக்கினால் ஓர் அறிவுச் சமூகத்தின் அமைப்பு புலப்படும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தீவும் நிலையமும்

பார்படோசின் மேற்குக் கரையில் ஹோல்டவுன் என்னும் சிற்றூர் உள்ளது. 1625இல் ஆங்கிலேயரின் கப்பல் ஒன்று அங்கு வந்தடைந்தது. 1627இல் அவர்களின் முதல் குடியேற்றம் அங்கு அமைந்தது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட நெடிய கொடுமையின் வரலாறு அத்தீவுக்கு உண்டு. 1966இல் பார்படோஸ் விடுதலை பெற்றது.

பிரித்தானியக் கடற்படை அலுவலராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய கார்லியன் பெல்லேர்ஸ் தம் இறுதிக் காலத்தை இத்தீவில் கழித்தவர். அவருடைய கொடையினால் 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் இங்குக் கடல்சார் உயிரியலுக்கென ஒரு கள நிலையத்தை நிறுவியது. பவளப்பாறைகளையும் மீன்களையும் ஆராய எழுந்த கட்டடம், பின்னாளில் கணினியறிவியலாருக்கும் தங்குமிடமாயிற்று. கணிப்புச் சிக்கன்மைக் கோட்பாட்டினரும் இங்குப் பயிலரங்குகள் நடத்தியுள்ளனர். ஆய்வுக்கெனத் தனித்து ஒதுங்கிய இடம் என்ற வகையில், செருமனியின் ஓபர்வொல்ஃபாக், டாக்ஸ்டூல் ஆகிய நிலையங்களோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும் அவை கணிதத்துக்கும் கணினியறிவியலுக்கும் என்றே அமைந்தவை. பெல்லேர்ஸ் வேறொரு துறையின் வீட்டில் கிடைத்த இடம்.

அவ்விடத்தைக் கணினி வடிவியலுக்குப் பெற்றுத் தந்தவர் காட்ஃபிரீட் டூசான் (1944–2019). பெல்ஜியத்தில் பிறந்து, 1972இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, மெக்கிலில் பேராசிரியரானவர். வடிவறிதல் துறையிலிருந்து வடிவியலுக்கு வந்த அவர், மேற்சுட்டிய பன்னாட்டுக் கருத்தரங்கையும் 1989இல் தொடங்கிய கனடியக் கணினி வடிவியல் மாநாட்டையும் நிறுவியோருள் ஒருவர்.

பெல்லேர்ஸ் பயிலரங்கு தொடங்கிய ஆண்டை நன்றியுரைகளைக் கொண்டே கணிக்கலாம். 2005இல் நடந்தது இருபதாவது குளிர்காலப் பயிலரங்கு என்று அங்குத் தொடங்கிய கட்டுரை குறிக்கிறது. 2013இன் கூட்டம் இருபத்தெட்டாவது என்றும், 2019 மார்ச்சில் நடந்தது முப்பத்து நான்காவது என்றும் வேறு கட்டுரைகள் குறிக்கின்றன. மூன்று எண்களும் தம்முள் முரணின்றிப் பொருந்துகின்றன. ஆண்டுக்கு ஒன்றாகப் பின்னோக்கி எண்ணினால் 1986 கிடைக்கிறது. பால்டிமோர் கருத்தரங்குக்கும் பாடநூலுக்கும் அடுத்த ஆண்டு அது. துறை தனக்கென மேடையும் பாடநூலும் பெற்ற உடனேயே, மேடையும் பாடநூலும் அற்ற ஓரிடத்தையும் தேடிக்கொண்டது என்பது நோக்கத்தக்கது.

கூடும் முறை

இப்பயிலரங்கு அழைப்பின்பேரில் கூடுவது. முடித்த ஆய்வை எடுத்துரைத்துக் கைதட்டல் பெறும் அரங்கு அன்று. விடை காணப்படாத வினாக்களை முன்வைத்து, அவற்றுள் சிலவற்றைப் பற்றிக்கொண்டு குழுக்களாகச் சிந்திக்கும் இடம். பேராசிரியரும் மாணவரும் ஒரே கரும்பலகையின் முன் நிற்பர். இறுதியில் கட்டுரை எழுதப்படுமாயின், கோட்பாட்டுக் கணினியறிவியலின் பொதுமரபுப்படி ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் அமையும். முதற்பெயர், இறுதிப்பெயர் என்னும் படிநிலைகளுக்கு அங்கு இடமில்லை.

அகரவரிசை மரபு சமத்துவமானது. எனினும் வரலாற்றாய்வாளருக்கு அது ஒரு திரை. பதினொருவர் பெயர்தாங்கிய கட்டுரையில் மையக் கருத்தைக் கண்டவர் யார், பிழையைச் சுட்டியவர் யார், வினாவை மட்டும் கேட்டுவிட்டுக் கடற்கரைக்குச் சென்றவர் யார் என்று அறிய வழியில்லை. அறிய வேண்டுமா என்பதே ஒரு வினா. அறியாமல் விடுவதே அம்மரபின் நோக்கமாகவும் இருக்கலாம்.

அழைப்பு முறையின் மறுபக்கத்தையும் கூறவேண்டும். அழைக்கப்பெறுவோர் ஏற்கெனவே அறிமுகமானவரோ அறிமுகமானவரின் மாணவரோ ஆவது இயல்பு. தொலைவில் உள்ள, பயணச் செலவுக்கு வழியற்ற பல்கலைக்கழகங்களில் அதே வினாவைத் தனித்து ஆராய்வோருக்கு அக்கரும்பலகை எட்டாதது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்ததாகக் கருதத்தக்கது, எரிக் டிமெய்ன், ஜோசப் மிட்செல், ஜோசப் ஓரூர்க் ஆகியோர் பேணிவரும் விடைகாணா வினாக்களின் தொகுப்பு. 2001இல் முப்பது வினாக்களுடன் வெளிவந்த அத்தொகுப்பு, பயிலரங்கின் உள்ளறையில் புழங்கிய வகையைச் சேர்ந்த வினாக்களை எவரும் காணும் இடத்தில் வைத்தது.

1998: மடக்கு அளவுகோல்

பெல்லேர்ஸ் நிலையத்தில் நிகழ்ந்த கூட்டங்களுள், அதன் விளைவுகளை மிகத் தெளிவாகப் பின்தொடரக்கூடியது 1998 சனவரி 31 முதல் பிப்ரவரி 6 வரை நடைபெற்ற, மடித்தலை மையப்படுத்திய பயிலரங்கு ஆகும். இதனை ஒருங்கிணைத்தவர்கள் அன்னா லூபிவும் சூ வைட்சைட்சும்.

மையமான வினா இது. தச்சர்கள் பயன்படுத்தும் மடக்கு அளவுகோலைப் போல, விறைப்பான கண்ணிகள் முனைகளில் இணைக்கப்பட்ட சங்கிலி ஒன்று ஒரு தளத்தில் கோணல்மாணலாகக் கிடக்கிறது. எக்கண்ணியும் வேறொரு கண்ணியைக் கடக்கக்கூடாது, நீளங்கள் மாறக்கூடாது, தளத்திலிருந்து தூக்கவும் கூடாது. எவ்வளவு சிக்கலாகக் கிடந்தாலும் அதனை நேர்கோடாக நிமிர்த்திவிட முடியுமா? அல்லது பூட்டிக்கொண்டு விரிய மறுக்கும் சங்கிலியும் உண்டா? இரு முனைகளும் இணைந்து மூடிய பலகோணமாக இருப்பின், அதனைக் குவிவுப் பலகோணமாக விரிக்க முடியுமா?

சிறுவருக்கும் விளங்கும் இவ்வினாவுக்கு உரியவர் ஒருவர் அல்லர். ஸ்டீபன் ஷானுவலும் ஜார்ஜ் பெர்க்மனும் 1970களின் தொடக்கத்தில் இதனை எழுப்பினர். உல்ஃப் கிரெனாண்டர் 1987இலும், வில்லியம் லென்ஹார்ட்டும் வைட்சைட்சும் 1991இலும், மிட்செல் 1992இலும் தனித்தனியே எழுப்பினர். பின்னாளில் விடை கண்ட கட்டுரை இப்பெயர்களை எல்லாம் ஆண்டுகளோடு முறையாகப் பதிவுசெய்திருக்கிறது. வினாவின் வரலாற்றை விடை கண்டவர்களே எழுதிவைத்த அரிய நேர்வு இது.

1998இன் குழு தள வினாவுக்கு விடை காணவில்லை. ஆனால் அதனைச் சுற்றியிருந்த நிலத்தை அளந்து எல்லைக் கற்களை நட்டது. முதலில், முப்பரிமாண வெளியில் சங்கிலி பூட்டிக்கொள்ளக்கூடும் என்று காட்டப்பட்டது. ஐந்து கண்ணிகளே போதும். நடுவில் மூன்று குறுங்கண்ணிகள். இருபுறமும் பின்னலூசி போன்ற இரு நெடுங்கண்ணிகள். நெடுங்கண்ணி ஒவ்வொன்றும் நடுக்கண்ணிகள் மூன்றின் கூட்டு நீளத்தினும் நெடியது. நடுப்பகுதியை உள்ளடக்கிய ஒரு கோளத்தைக் கற்பனை செய்தால், நெடுங்கண்ணிகளின் கடைமுனைகள் ஒருபோதும் அக்கோளத்துக்குள் நுழைய முடியாது. இப்போது அக்கடைமுனைகளை நீண்ட கயிறொன்றால் கோளத்துக்கு வெளியே இணைப்பதாகக் கொள்வோம். தொடக்க நிலையில் கிடைப்பது ஒரு முடிச்சு. சங்கிலி நிமிரக்கூடுமாயின், கயிற்றை அறுக்காமலேயே அம்முடிச்சு அவிழ்ந்துவிடும். அவிழாத முடிச்சு அவிழ்வது முரண். ஆகவே சங்கிலி நிமிராது. இதே சங்கிலியை ஜேசன் கான்டரெல்லாவும் ஹெதர் ஜான்ஸ்டனும் அதே காலத்தில் தனித்துக் கண்டறிந்து வெளியிட்டனர்.

நான்கும் அதற்கு மேலுமான பரிமாணங்களில் எச்சங்கிலியும் பூட்டிக்கொள்ளாது என்பதைப் பின்னர் ராக்சானா கோக்கனும் ஓரூர்க்கும் நிறுவினர். அங்கு விலகிச் செல்ல இடம் மிகுதி. இவ்வாறு மூன்றாம் பரிமாணத்தில் பூட்டு உண்டு, நான்காம் பரிமாணத்தில் இல்லை என்றாக, இரண்டாம் பரிமாணம் மட்டும் இருளில் நின்றது.

அடுத்த முடிபு அவ்விருளை இன்னும் அடர்த்தியாக்கியது. சங்கிலிக்கு மாறாகக் கிளைகள் உள்ள மரவடிவ இணைப்பை எடுத்துக்கொண்டால், அது தளத்திலேயே பூட்டிக்கொள்ளும் என்று பயிலரங்கினர் காட்டினர். ஒரு மையத்தைச் சுற்றிப் பூவிதழ்களாக நெருக்கி மடிந்த கிளைகள், ஒன்று விரிய மற்றொன்று இடம்தர வேண்டும், அது இடம்தர அடுத்தது இடம்தர வேண்டும் என்று வட்டமாக ஒன்றையொன்று தடுக்கும். இம்மரத்தின் ஒவ்வொரு கிளையையும் இரட்டைக் கோடாகச் சுற்றி வரைந்தால் ஒரு மூடிய பலகோணம் கிடைக்கும். மரம் பூட்டிக்கொள்ளுமெனில் அதனைச் சுற்றிய பலகோணமும் பூட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. தள வினாவின் விடை 'முடியாது' என்பதாகவே இருக்கும் என்ற ஐயத்துக்கு இத்தகைய வடிவங்கள் வலுவூட்டின.

ஐயம் பொய்த்தது. 2000ஆம் ஆண்டில் ராபர்ட் கானலி, எரிக் டிமெய்ன், குந்தர் ரோட்டே ஆகிய மூவரும் தளத்தில் எந்தச் சங்கிலியையும் நிமிர்த்தலாம், எந்தப் பலகோணத்தையும் குவிவாக்கலாம் என்று நிறுவினர். அவர்களின் கருத்து வியக்கத்தக்க எளிமை உடையது. எவ்விரு முனைகளுக்கும் இடையிலான தொலைவு எக்கணத்திலும் குறையாதவாறு சங்கிலியை இயக்க முடியும் என்று காட்டிவிட்டால் போதும். தொலைவுகள் குறையாத இயக்கத்தில் மோதல் நிகழ வழியே இல்லை. கட்டமைப்புகளின் விறைப்புக் கோட்பாட்டிலிருந்து அவ்வியக்கம் உண்டென்பதை அவர்கள் வருவித்தனர். இரட்டைக் கோட்டு மரமும் அவ்வாறே விரிந்துகொடுத்தது. அதே ஆண்டில் இலியானா ஸ்ட்ரெய்னு, போலி முக்கோணப் பகுப்பு என்னும் சேர்க்கையியல் கருவியைக் கொண்டு வேறொரு வழியில் அதே முடிபை அடைந்தார்.

1998இன் பூட்டிய சங்கிலிக் கட்டுரையில் பதினொரு பெயர்கள் உள்ளன: தெரேசே பீடல், எரிக் டிமெய்ன், மார்ட்டின் டிமெய்ன், சில்வேன் லசார், லூபிவ், ஓரூர்க், மார்க் ஓவர்மார்ஸ், ஸ்டீவ் ராபின்ஸ், ஸ்ட்ரெய்னு, டூசான், வைட்சைட்ஸ். ஈராண்டுகளுக்குப் பின் தள வினாவைத் தீர்த்த இரு வழிகளிலும் இப்பட்டியலில் உள்ளவர் ஒருவர் இருக்கிறார். எரிக் டிமெய்ன் அப்போது பதினாறு வயது மாணவர். அவருடைய தந்தையும் அதே பட்டியலில் உள்ளார். ஒருங்கிணைப்பாளரான லூபிவ், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் அவருக்கு நெறியாளராக இருந்தவர். ஆகவே, வாரம் ஒன்றில் வினா தீராது போயினும், அதனைத் தீர்க்கவல்லோர் அவ்வாரத்தில் அதன் கடினத்தை உணர்ந்து மீண்டனர் எனலாம். கானலியும் ரோட்டேயும் அப்பட்டியலில் இல்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. பெல்லேர்சிலிருந்து 2000ஆம் ஆண்டு விடைக்கு நேர்கோடு ஒன்றை வரைவது மிகைப்படுத்தலாகும்.

புரட்டல் தேற்றம்: ஒரு நிறுவலின் நெடும்பயணம்

அதே பதினொருவர் கட்டுரை, தளத்தில் கிடக்கும் பலகோணத்தை மூன்றாம் பரிமாணத்துக்கு உயர்த்த இசைவு தந்தால், பக்கங்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நகர்வுகளில் குவிவாக்கலாம் என்றும் காட்டியது. இம்முடிபு அதனினும் மிகப் பழைய ஒரு வினாவை நினைவில் கொண்டது.

பால் ஏர்டிஷ் 1935இல் அமெரிக்கக் கணித மாத இதழின் வினாப் பகுதியில் ஒரு கணக்கை முன்வைத்தார். குவிவற்ற பலகோணம் ஒன்றைச் சுற்றி இரப்பர் வளையத்தை இறுக்கினால், வளையத்துக்கும் பலகோணத்துக்கும் இடையே சில பைகள் தோன்றும். அப்பைகளின் ஓரத்தை வளையத்தின் கோட்டைக் கண்ணாடியாகக் கொண்டு வெளிப்புறம் புரட்டுக. மீண்டும் பைகள் தோன்றினால் மீண்டும் புரட்டுக. இவ்வாறு செய்தால் முடிவுறு எண்ணிக்கையிலான படிகளில் பலகோணம் குவிவாகிவிடும் என்பது கணக்கு. 1939இல் பேலா சோக்கஃபால்வி-நாஜ் இதற்கு விடை எழுதினார். பைகள் அனைத்தையும் ஒருங்கே புரட்டினால் பலகோணம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளக்கூடும் என்று காட்டி, ஒரு நேரத்தில் ஒரு பை என்று வினாவைத் திருத்திய பின்னரே அவர் நிறுவலுக்குப் புகுந்தார்.

அதன்பின் நிகழ்ந்தது விந்தையானது. 1957இல் சோவியத் ஒன்றியத்தில் ரெஷெட்னியாக்கும் யூசுபோவும் தனித்தனியே இதே முடிபுக்கு நிறுவல் எழுதினர். கசாரினாஃபும் பிங்கும் எழுதினர். 1993இல் வெக்னர் எழுதினார். மொழியாலும் நாட்டாலும் பிரிந்திருந்த இவர்களுள் பலர் முன்னோரின் பணியை அறிந்திலர். 1995இல் பிராங்கோ குரூன்பாம் இச்சிதறிய வரலாற்றைத் தொகுத்தளித்தார். 1999இல் டூசான் அதனை விரித்து எழுதினார்.

இத்தொகுப்பினால் வெளிச்சம் பெற்ற ஒரு செய்தி தனித்துக் கூறத்தக்கது. இத்தனை பக்கங்கள் உடைய பலகோணத்துக்கு இத்தனை புரட்டல்கள் போதும் என்று ஒரு மேல்வரம்பு உண்டா? பக்க எண்ணிக்கையின் இருமடங்கு போதும் என்பது கசாரினாஃபும் பிங்கும் கூறிய ஊகம். குரூன்பாமின் மாணவர்களாகிய ஜாஸ், ஷானன் இருவரும் 1973இல் அவ்வூகத்தை உடைத்தனர். நான்கே பக்கங்கள் உடைய நாற்கரத்திலும், எவ்வளவு பெரிய எண்ணைக் கூறினாலும் அதனினும் மிகுதியான புரட்டல்கள் தேவைப்படுமாறு ஒன்றை அமைக்கலாம் என்று அவர்கள் காட்டினர். ஆனால் அதனை அவர்கள் வெளியிடவில்லை. ஆசிரியர் ஒருவர் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிவைத்ததனால் மட்டுமே அம்மாணவர்களின் பெயர் இன்று தேற்றத்தோடு நிற்கிறது. எழுதாதிருந்தால், அடுத்துக் கண்டவர் பெயரே நின்றிருக்கும்.

கதை அத்துடன் முடியவில்லை. 2006இல் எரிக் டிமெய்ன், பிளேஸ் கஸாந்த், ஓரூர்க், டூசான் ஆகிய நால்வரும், அதுவரை வெளிவந்த நிறுவல்களை வரிக்குவரி ஆராய்ந்து, அவற்றில் பிழைகளும் இடைவெளிகளும் மலிந்திருப்பதை வெளிப்படுத்தினர். இடர்ப்பாடு எங்கு உள்ளது என்பதை ஓரளவு எளிதாகவே விளக்கலாம். ஒவ்வொரு புரட்டலிலும் சுற்றளவு மாறாது, பரப்பு கூடும். சுற்றளவு மாறாத பலகோணத்தின் பரப்பு ஒரு வரம்பைத் தாண்டாது. ஆகவே பலகோணங்களின் தொடர் ஏதோ ஓர் எல்லை வடிவத்தை நெருங்குகிறது என்று கூறலாம். ஆனால் எல்லையை நெருங்குதல் வேறு. முடிவுறு படிகளில் எல்லையை அடைதல் வேறு. மேன்மேலும் சிறுத்துச்செல்லும் புரட்டல்கள் முடிவின்றித் தொடராது என்பதைத் தனியே நிறுவ வேண்டும். எல்லை வடிவத்தில் சில முனைகள் நேர்கோட்டில் தட்டையாக வந்து அமையக்கூடும் என்பதால் அப்படியில் மிகுந்த கவனம் தேவை.

நால்வரும் புதிய நிறுவல் ஒன்றை வழங்கினர். தேற்றம் மெய்யே, அதனை மெய்யென்று காட்டிய வழிகளுள் பல குறையுடையனவாக இருந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலரும் மெய்யென்று ஏற்று எடுத்தாண்ட ஒன்றை மீண்டும் திறந்து பார்க்கும் துணிவு பெரிது. அந்நால்வருள், ஏழாண்டுகளுக்கு முன் அதே தேற்றத்தின் வரலாற்றையும் நிறுவலையும் எழுதி வெளியிட்டவரும் ஒருவர் என்பது அதனினும் பெரிது. கணிதத்தில் இது இயல்பாக எதிர்பார்க்கப்படும் ஒழுக்கம் என்பர். பிற துறைகளின் நிலையை நோக்கும்போது, எதிர்பார்ப்பது எளிது, கடைப்பிடிப்பது அரிது என்றே தோன்றுகிறது.

இருபதாவது பயிலரங்கும் தாளமும்

2005 சனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை கூடிய இருபதாவது பயிலரங்கில் பேசப்பட்டவற்றுள் ஒன்று இசை. டூசான் அக்காலத்தில் கியூபா, ஆப்பிரிக்கத் தாளக் கட்டுகளின் வடிவியலில் ஆழ்ந்திருந்தார். தாளத்தின் ஒரு சுற்றை வட்டமாகவும், அடி விழும் இடங்களை அவ்வட்டத்தின் மேல் புள்ளிகளாகவும் கொண்டால், தாளம் ஒரு பலகோணமாகிறது. எட்டு மாத்திரையில் மூன்று அடிகளை இயன்ற அளவு சீராகப் பரப்ப வேண்டுமெனில் 3, 3, 2 என்ற இடைவெளிகள் கிடைக்கும். இதுவே கியூபாவில் திரெசிய்யோ எனப்படும் தாளம். சொற்கட்டில் பயின்ற தமிழர் இதனைத் 'தகிட தகிட தக' என்று எளிதில் சொல்லிப் பார்க்கலாம். ஐந்து அடிகளாயின் 2, 1, 2, 1, 2. அது சிங்கிய்யோ.

இவ்வாறு சீராகப் பரப்பும் முறை, இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண யூக்ளிட் வகுத்த முறையோடு அமைப்பில் ஒன்றே என்று டூசான் 2005இல் எழுதினார். பயிலரங்கில் தொடங்கி எண்மர் பெயரில் வெளிவந்த கட்டுரை அதனை மேலும் கொண்டுசென்றது. புள்ளிகளுக்கு இடையிலான எல்லாத் தொலைவுகளின் கூட்டுத்தொகையையும் மிகுதியாக்குவன யூக்ளிடியத் தாளங்களே, அவை மட்டுமே என்று நிறுவியது. இத்தாளங்களில் ஏறத்தாழ எல்லாமே 'ஆழ்ந்த' தாளங்கள் என்பதும் அதன் முடிபு. வெவ்வேறு தொலைவுகள் ஒன்று ஒருமுறை, ஒன்று இருமுறை, ஒன்று மும்முறை என்று தத்தமக்குரிய தனி எண்ணிக்கையில் வருவதே ஆழம். திரெசிய்யோவில் 2 என்ற தொலைவு ஒருமுறையும் 3 என்ற தொலைவு இருமுறையும் வருதலைக் காணலாம்.

தொலைவுகள் இவ்வாறு குறித்த எண்ணிக்கைகளில் வருமாறு தளத்தில் புள்ளிகளை அமைக்க முடியுமா என்பது 1980களின் இறுதியில் ஏர்டிஷ் எழுப்பிய ஒரு வினாவாகும். அதனோடு தொடர்புடைய அமைப்பு ஒன்று, அடிமைக் கப்பல்களில் கடல்கடந்த மக்களின் வழித்தோன்றல்கள் காத்துவந்த தாளங்களில் காணப்பட்டது. கரும்புக்கும் அடிமைமுறைக்கும் பெயர்பெற்றிருந்த ஒரு கரீபியத் தீவில் அமர்ந்தே அது ஆராயப்பட்டது. கட்டுரையின் நன்றியுரை இதனைப் பற்றி ஏதும் கூறவில்லை. கூறவேண்டும் என்று ஒரு கணிதக் கட்டுரையிடம் எதிர்பார்க்கவும் இயலாது. டூசான் 2013இல் வெளியிட்ட இசைத்தாள வடிவியல் நூலில் இத்தாளங்கள் தத்தம் பெயர்களோடும் நாடுகளோடும் இடம்பெற்றுள்ளன.

2019

முப்பத்து நான்காவது பயிலரங்கு 2019 மார்ச் 22 முதல் 29 வரை ஹோல்டவுனில் நடைபெற்றது. ஒருங்கிணைப்பாளர்கள் எரிக் டிமெய்ன், காட்ஃபிரீட் டூசான் என்று அக்கூட்டத்தில் தொடங்கிய கட்டுரைகள் குறிக்கின்றன. 1998இல் பதினாறு வயது மாணவராக அந்நிலையத்துக்கு வந்தவர், இப்போது டூசானோடு இணை ஒருங்கிணைப்பாளர். அவ்வாண்டு சூலையில், மாநாடு ஒன்றில் உரையாற்றச் சென்றிருந்த டோக்கியோ நகரில் டூசான் காலமானார்.

மார்ச்சுக் கூட்டத்தில் தொடங்கிய கட்டுரைகள் அச்சேறியபோது அவர் இல்லை. அக்கட்டுரைகளின் நன்றியுரைகளில் அவருடைய பெயர், முந்தைய ஆண்டுகளில் நின்ற அதே இடத்தில், ஒருங்கிணைப்பாளர் என்ற அதே சொல்லுடன் நிற்கிறது.